மலைநாட்டில் நான்கு ஞாயிறு

டிசம்பர் மாதம் பிறந்தால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று நம் பட்டணத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள். சங்கீதப் பிரியர்களுக்குச் சபாக் கச்சேரி ஞாபகம் வரும். சிலருக்குக் கச்சேரியைவிடச் சபாக் காண்டீன்தான் முதலில் ஞாபகம் வரும். பாட்டிமார்களுக்கு மார்கழிக் கோலமும் வெண்பொங்கலும். குழந்தைகளுக்கு அரையாண்டுப் பரீட்சையும், அது ஒழிந்த பிறகு வரும் லீவும். கிறிஸ்தவக் குடும்பங்களில் கேட்டால், "கேக்!" என்று ஒரே குரலில் பதில் வந்தாலும் வரும்.

இதில் தவறொன்றும் இல்லை. கேக்கைப் பற்றி எனக்கு எந்த விரோதமும் கிடையாது. ஆனால் நவம்பர் பாதியிலேயே கடைத் தெருவில் காகித நட்சத்திரங்கள் தொங்குகின்றன, டிசம்பர் முதல் வாரத்திலேயே ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் கிறிஸ்துமஸ் விழா முடிந்துவிடுகிறது, பண்டிகை நாள் நிஜமாக வந்து சேரும்போது வீட்டு அம்மாள் களைத்துப் போய், "எப்போது இது தீரும்?" என்று பெருமூச்சு விடுகிறாள். வருகிற விருந்தாளியை ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வருவதற்குள் விருந்தைச் சாப்பிட்டுவிட்டால் எப்படியிருக்கும்? கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

திருச்சபையின் பழைய பஞ்சாங்கத்தில் டிசம்பர் மாதத்துக்குக் கிறிஸ்துமஸ் என்று பெயர் இல்லை. 'அட்வெந்து' என்று பெயர். வருகை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கத்தோலிக்கர் 'திருவருகைக் காலம்' என்று அழகாகச் சொல்கிறார்கள். நவம்பர் 27ந் தேதிக்கும் டிசம்பர் 3ந் தேதிக்கும் நடுவில் விழும் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு ஞாயிறு. சபைக்கு அதுதான் வருஷப் பிறப்பு. நாமெல்லாம் புது வருஷத்தை வேட்டோடும் விருந்தோடும் ஆரம்பிக்கிறோம். இவர்கள் காத்திருப்பதைக் கொண்டு ஆரம்பிக்கிறார்கள்! பீடத்துத் துணியும் குருவின் மேலங்கியும் ஊதா நிறமாகின்றன. வாரத்துக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றுகிற வழக்கமும் உண்டு. இந்த மெழுகுவர்த்தி வழக்கம் ரொம்பப் பழையது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1839ஆம் வருஷம் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் விச்செர்ன் என்ற பாதிரியார், ஏழைப் பிள்ளைகளுக்காகத் தாம் நடத்திய விடுதியில், "கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று பையன்கள் தினமும் நச்சரித்ததற்காக, ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைச் செருகி வைத்தாராம். நச்சரிக்கும் பிள்ளைகளால் உலகத்துக்கு எத்தனையோ நன்மை விளைந்திருக்கிறது.

சரி, ஏற்காட்டுக்கு வருவோம்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால், சுமார் ஐயாயிரம் அடி உயரத்தில் ஏரியும் காடுமாக இந்த ஊர். சேர்வராயன் மலை என்ற பெயருக்குக் காரணமான சேர்வராயன் கோவில் இன்னும் சற்று உயரே, குகைக்குள் இருக்கிறது. 'ஏழைகளின் ஊட்டி' என்று இந்த ஊருக்கு ஒரு பட்டப் பெயர் உண்டு. சுற்றுலாக்காரர்கள் கோடையில் வந்து ஏரியில் படகு ஓட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். டிசம்பரில் இந்த மலை எப்படியிருக்கும் என்று அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. காலை எட்டு மணி வரை மூடுபனி. பனிக்குள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்கும், ஆள் தெரியாது. சற்று நேரம் பொறுத்தால் சில்வர் ஓக் மரங்களும், அவற்றின்மேல் ஏறியிருக்கும் மிளகுக் கொடிகளும், அடியில் காப்பிச் செடிகளும் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். செடிகளுக்கு நடுவே, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் பையோடு பெண்கள்.

ஏனென்றால் திருவருகைக் காலமும் காப்பிப் பழம் பறிக்கும் காலமும் இந்த மலையில் ஒன்றாகவே வருகின்றன. சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820களில் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்த நாளிலிருந்து இப்படித்தான். நவம்பரில் ஆரம்பித்தால் ஜனவரி, பிப்ரவரி வரை வேலை. காலையும் மாலையும் காப்பி குடிக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ: ஒரே கொத்தில் இருக்கும் காய்கள் ஒரே நாளில் பழுப்பதில்லை. சிவந்தவற்றை மட்டும் விரலால் திருகி எடுத்துவிட்டு, பச்சையை விட்டுவிட வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே செடிக்கு மறுபடி வரவேண்டும். பிறகு இன்னொரு தடவை. அவசரப்பட்டுக் கொத்தோடு உருவினால் பச்சைக் காயும் சேர்ந்து காப்பியின் ருசி கெட்டுப்போகும். அப்படிப் பொறுக்கியெடுத்த பழத்தைத் தோலுரித்து, ஊறப்போட்டு, கழுவி, களத்தில் காயவைத்த பிறகு, ஆறு கிலோ பழத்துக்குச் சுமார் ஒரு கிலோ கொட்டைதான் மிஞ்சும். காத்திருப்பதைப் பற்றி இந்தப் பெண்களுக்குப் பிரசங்கம் செய்ய வருகிற பாதிரியார் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பேச வேண்டும்!

இந்த மலைக்கும் தமிழ் வேதபுத்தகத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஊரில் இருப்பவர்களுக்கே அது அவ்வளவாகத் தெரிந்திருக்காது. ஹோலி டிரினிடி ஆலயத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவரின் ஞாபகச் சின்னம் இருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தாரே, அந்தப் பூகர்ப்ப சாஸ்திரிதான். அவரைப் பற்றி அடிக்கடி எழுதுகிறார்கள். அவருடைய மாமனாரைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. மாமனார் பெயர் பீட்டர் பெர்சிவல். 1882இல் இதே ஏற்காட்டில் காலமானார்.

பெர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் தலைவராக இருந்தவர். பைபிளை நல்ல தமிழில் புதிதாக மொழிபெயர்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. துணைக்கு அவர் சேர்த்துக்கொண்டது தம் பள்ளிக்கூடத்திலேயே படித்து, அங்கேயே வாத்தியாராகிவிட்ட, இருபது வயதுகூட நிரம்பாத நல்லூர்ப் பிள்ளையாண்டான் ஒருவரை. கிறிஸ்தவர் அல்ல, நெற்றி நிறைய விபூதி. அவர்தான் பிற்காலத்தில் ஆறுமுக நாவலர் என்று தமிழுலகம் கைகூப்பிய மகான். ஏழு வருஷம் போல இருவரும் உட்கார்ந்து உழைத்திருக்கிறார்கள். ஒருவர் இங்கிலீஷ்காரப் பாதிரியார், மற்றவர் பரம சைவர். நடுவில் மேஜையில் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம். என்ன அருமையான காட்சி!

1847 டிசம்பர் 31ந் தேதி நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார். பிறகு மிஷன் வேலையை விட்டு விலகி, சைவப் பள்ளிக்கூடம் ஸ்தாபித்து, மிஷனரிகளுக்கு எதிராக ஆயுள் முழுவதும் எழுதினார், பேசினார். எதிராளியின் புத்தகத்தை வரிவரியாகத் தெரிந்துகொண்டு எதிர்த்த மனிதர் அவரைப் போல் வேறொருவர் தமிழ்நாட்டில் உண்டா என்பது சந்தேகமே.

இருவரும் உழைத்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாகி வந்தது. தமிழ் உயர்ந்த தமிழ். ஆனால் என்ன ஆயிற்று தெரியுமா? சபை ஜனங்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபாப்ரிசியஸ் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்பு அவர்கள் காதில் ஊறிப்போயிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட அதைக் கேட்டுக் கேட்டே பாடம் பண்ணியிருந்தார்கள். புதுப் புத்தகத்தில் ஒரு வார்த்தை மாறினாலும், "இது நம்ம வேதம் இல்லை" என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. கடைசியில் போவர் ஐயர் தலைமையில் பல மிஷன்களும் சேர்ந்து, பழையதையும் புதியதையும் சமரசப்படுத்தி, 1871இல் ஒரு பதிப்பைக் கொண்டுவந்த பிறகே சண்டை ஓய்ந்தது. தமிழ்ப் புராட்டஸ்டண்ட் வீடுகளில் இன்றைக்கும் தலையணைக்குப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் அதுதான். ஃபாப்ரிசியஸ் 'பராபரன்' என்று எழுதிய இடத்தில் 1871 பதிப்பு 'தேவன்' என்றது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. ஒவ்வொரு தடவையும் வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுத்திருப்பார்கள். பெர்சிவல் பாதிரியாருக்குப் பண்டிதர்கள் இருந்தார்கள், அச்சுக்கூடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கூட்டமாக உட்கார்ந்து கேட்ட ஜனங்களின் காதுதான் அவருக்கு வசப்படவில்லை. பாவம், பிற்காலத்தில் அவர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874இல் ஒரு பெரிய புத்தகமாகப் போட்டார். காதால் கேட்கிற தமிழை அவர் அறியாதவர் அல்ல.

வேதத்தைத் தனியாகப் படிப்பது என்பதே சமீப காலத்துச் சௌகரியம். கைப்பேசியில் இன்று ஒரு நிமிஷத்தில் நாலு மொழிபெயர்ப்பையும் பார்க்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பது என்பதுதான் நம் நாட்டு வழக்கம். ராமாயணம் அப்படித்தான் வீட்டுக்கு வந்தது. திருப்பாவையை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது பாட்டு, அதில் ஆண்டாள் தனியாக எழுந்து, தனியாகக் குளித்து, தனியாகக் கும்பிட்டுவிட்டு வந்துவிடவில்லை. வீடு வீடாகப் போய், தூங்குமூஞ்சிகளை எழுப்பி, கேலி செய்து, எல்லோரையும் திரட்டிக்கொண்டல்லவா போகிறாள்! மார்கழி பிறக்கும் சமயத்தில் திருவருகைக் காலம் முக்கால்வாசி முடிந்திருக்கும். தெருக்கோடியில் ஒரு வீட்டில் பஜனை, இன்னொரு வீட்டில் கீர்த்தனை என்று டிசம்பர் மாதத்து விடியற்காலைகள் தமிழ்நாட்டில் சத்தமாகத்தான் இருந்து வந்திருக்கின்றன.

கத்தோலிக்கக் கோவில்களில் பூசை 1960களின் நடுவில்தான், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. அதுவரை பெண்கள் பூசை நேரத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள் என்றால் அது பக்திக் குறைவால் அல்ல. பீடத்தில் நடந்தது காதுக்கு எட்டினாலும் கருத்துக்கு எட்டவில்லை.

கூடி வழிபடுவது என்று வாய் நிறையச் சொல்லிவிடலாம். யாரோடு கூடி என்பதுதான் கேள்வி.

1833ஆம் வருஷம் கல்கத்தாவிலிருந்த டேனியல் வில்சன் அத்தியட்சர், தமிழ்நாட்டுச் சபைகளில் ஜாதி பார்த்துத் தனித்தனியாக உட்காருவதும், நற்கருணை வாங்குவதில் முந்தி பிந்தி பார்ப்பதும் உடனே ஒழியவேண்டும் என்று உத்தரவு போட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரிய கலகம். எத்தனையோ பேர் சபையை விட்டு வெளியேறினார்கள். எதிர்த்தவர்களில் ஒருவர் யார் என்று தெரிந்தால் திகைப்பீர்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்! 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர்; இன்றும் கிறிஸ்துமஸ் காலத்தில் அவர் கீர்த்தனை இல்லாத தமிழ்ச் சபை அபூர்வம். பெத்லகேம் மாட்டுத் தொழுவத்தை உருகி உருகிப் பாடிய அதே கவிராயர், பக்கத்தில் யார் உட்காருவது என்பதில் மட்டும் அசைய மறுத்தார். அவர் பாட்டைப் பாடாமல் விட்டுவிடலாமா? அப்படி நான் சொல்லமாட்டேன். ஆனால் பாடும்போது இதையும் தெரிந்துகொண்டு பாடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். நூற்றுத் தொண்ணூறு வருஷத்துக்குப் பிறகு இந்த விஷயம் தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அவருடைய ஊர்க் கல்லறைத் தோட்டத்தை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். நம் நாட்டில் செத்த பிறகும் தனியிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் காலத்தில் வாசிக்கப்படும் வேதபாகங்களில் ஒன்று மலையில் நடக்கிற கதை. லூக்கா எழுதியது. கத்தோலிக்கக் கோவில்களில் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 21ந் தேதி, ஞாயிறாக இல்லாவிட்டால், அதைத்தான் வாசிப்பார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை நான்காம் ஞாயிறன்றும் அது வரும். மரியாள் சின்னப் பெண். கலியாணம் நிச்சயமான நிலையில் தாய்மைச் செய்தி கேட்கிறாள். உடனே என்ன செய்கிறாள்? யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு, மலைநாட்டில் இருக்கும் உறவுக்கார அம்மாள் எலிசபெத்தைப் பார்க்க விரைந்து புறப்பட்டுவிடுகிறாள். அந்த அம்மாளோ வயது சென்ற காலத்தில் ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் வீட்டுக்காரர் சகரியா கோவில் ஆசாரியர். தேவதூதன் சொன்னதை நம்பாத காரணத்தால் வாய் பேச முடியாமல் இருக்கிறார். மாதக் கணக்கில் புருஷன் ஒரு வார்த்தை பேசாத வீடு! அது அந்த அம்மாளுக்குத் தண்டனையாக இருந்ததா, வேறு விதமாக இருந்ததா என்பதை லூக்கா சொல்லவில்லை. வாசகிகள் தங்கள் அனுபவத்தைக் கொண்டு தீர்மானித்துக்கொள்ளலாம்.

அந்த வீட்டு வாசலில்தான் மரியாள் பாடுகிறாள். தாலாட்டுப் பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். சிம்மாசனத்தில் இருக்கிறவர்கள் கீழே இறக்கப்படுவார்கள், பசித்தவர்கள் வயிறார உண்பார்கள், பணக்காரர்கள் வெறுங்கையோடு போவார்கள் என்கிற தோரணையில் போகிறது. சி.எஸ்.ஐ. சபைகளின் பழைய முறைப்படி மாலை ஆராதனை நடந்தால் அந்தப் பாட்டு உண்டு. தோட்டத்து முதலாளியும், பழம் பறித்துவிட்டுக் கைச்சாயத்தோடு வந்த பெண்ணும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து அதைப் பாடினால், இரண்டு பேருக்கும் ஒரே பொருளா படும்?

ஏற்காட்டில் டிசம்பர் மாதத்து ஒரு சாயங்காலம், வீட்டுக் கூட்டம் ஒன்றில் நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பதினைந்து பேர் இருக்கும். தோட்ட வேலைக்காரப் பெண்கள், பள்ளிக்கூட ஆயா ஒருவர், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், அடுத்த வீட்டுக் கத்தோலிக்க அம்மாள். நடத்தியவர் உபதேசியார். கல்லூரிப் பெண் கைப்பேசியைப் பார்த்து இந்தக் கதையை வாசித்தாள். வாசித்து முடித்ததும் ஒரு கிழவி ஆரம்பித்தாள். எழுத்து தெரியாதவள்; மடியில் துணி உறை போட்ட பைபிளை மட்டும் விடாமல் வைத்திருந்தாள்.

"மரியா எத்தனை மாசம் தங்குனான்னு போட்டிருக்கு கண்ணு?"

"ஏறக்குறைய மூணு மாசம், பாட்டி."

"போனப்ப அந்தம்மாவுக்கு ஆறு. ஆறும் மூணும் ஒம்போது. அப்போ பிரசவத்துக்கு இருந்தாளா, இல்லையா?"

உபதேசியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வேதத்திலே மரியாள் வீட்டுக்குத் திரும்பினாள்ங்கிறது முதல்லே வருதும்மா. பிள்ளை பிறந்தது அதுக்கு அடுத்த வசனம். அதனாலே..."

"எழுத்துப்படி நீங்க சொல்றது சரிங்க ஐயா. ஆனா ஒம்போதாம் மாசத்துலே வயசான பொம்பளையைத் தனியா விட்டுட்டு, வாய் பேசாத மனுசன்கிட்ட ஒப்படைச்சுட்டு எவளாச்சும் போவாளுங்களா?"

கூட்டத்தில் ஒரே பேச்சு. நர்ஸம்மாள் கிழவியின் பக்கம். கல்லூரிப் பெண், லூக்கா ஒருவரைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்தவரைப் பற்றி ஆரம்பிப்பார், அதனால் வரிசையை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்றாள். இந்த விஷயத்தில் வேத பண்டிதர்களும் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறார்கள் என்பதை அவள் எங்கோ படித்திருக்க வேண்டும். தோட்டத்துப் பெண் ஒருத்தி, மரியாளுக்கே அப்போது மூன்று மாதம், வழியில் மலை இறக்கம், அவளைத் துணையில்லாமல் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்று வேறொரு கோணத்தில் புறப்பட்டாள். நான் கல்லூரியில் படித்த காலத்தில் இந்த அதிகாரத்தைப் பரீட்சைக்காகப் படித்ததுண்டு. ஆறையும் மூன்றையும் கூட்டிப் பார்க்க எனக்குத் தோன்றியதேயில்லை.

உபதேசியார் நல்ல மனிதர். விவாதத்தை அடக்காமல், அடுத்த பகுதியை வாசிக்கச் சொன்னார். எட்டாம் நாள் பெயர் வைக்கிறார்கள். சொந்தக்காரர்கள் தகப்பன் பெயரையே வைக்கப் பார்க்கிறார்கள். எலிசபெத்து, "யோவான்" என்கிறாள். "உன் வம்சத்திலே அந்தப் பேர் யாருக்கும் இல்லையே!" என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. தகப்பனுக்குச் சைகை காட்டிக் கேட்கிறார்கள். அவர் எழுதுபலகை வாங்கி, யோவான் என்று எழுதிக் காட்டிய பிறகுதான் எல்லோரும் ஆச்சரியப்பட்டு ஒப்புக்கொள்கிறார்கள்.

"அந்தம்மா சொன்னப்பவே கேட்டிருந்தா ஒரு பலகை மிச்சம் கண்ணு" என்றாள் கிழவி.

உபதேசியார் அதற்கும் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளேயிருந்து காப்பி வந்துவிட்டது.